உஷார்! அட்டையில் நிற்கும் காங் வேறு, படத்தில் பார்த்த காங் வேறு

பினாங்கில் பிள்ளை வைத்திருப்பவர்கள், தாய்மாமன்கள், அத்தைமார்கள், தீபாவளி அங்பாவ் பணத்தோடு கொம்தார் பக்கம் கேம் வாங்கக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் நில்லுங்கள். ‘ஸ்கல் ஐலண்ட்: ரைஸ் ஆஃப் காங்’ என்று ஒரு வீடியோ கேம் உண்டு. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ ஸ்விட்ச், கணினி என்று எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறது. அட்டையில் காங் மிரட்டலாக நிற்பார். ‘நாம் படத்தில் பார்த்த ஆள்தானே’ என்று கை தானாகப் பணப்பையைத் தேடும். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேம் வெளிவந்தது 2023 அக்டோபர் 17-ஆம் தேதி. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. அமெரிக்க விலை 39.99 டாலர். ரிங்கிட் அந்த மாதம் டாலருக்கு 4.70-ஐத் தாண்டி விழுந்து கிடந்ததால் நம் கணக்கில் 190 வெள்ளியை ஒட்டி வரும். அன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. பிறைத் தொழிற்பேட்டையில் அந்தச் சம்பளத்துக்கு ஷிப்டு பார்க்கிறவருக்கு இது மூன்று நாள் கூலிக்கு மேல். வெளிவந்த வாரமே உலகம் முழுக்கக் கைகொட்டிச் சிரித்தார்கள். அந்த ஆண்டின் ஆக மோசமான கேம் எது என்று பேச்சு வந்தால் இதன் பெயர் தவறாமல் வரும்.

பழைய கதைதானே, இப்போது எதற்கு இந்த அலறல் என்று கேட்கலாம். முழு விலைக்கு விற்கும்போது நாலு பேரைக் கேட்டுத்தான் வாங்குவோம். தள்ளுபடிக் கூடைக்கு வந்த பிறகுதான் ஆபத்து. பள்ளி விடுமுறை நேரம், பாதி விலை ஸ்டிக்கர், பக்கத்தில் சட்டையைப் பிடித்து இழுக்கும் பிள்ளை. இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“மாமா, இது அந்தக் காங்கா?”

“ஆமாடா தம்பி. அன்னிக்குப் பாத்தோமே, காட்ஸில்லாவோட சண்டை போடுமே, அதான்.”

அது இல்லை மாமா. அங்கேதான் முதல் சறுக்கல்.

நீங்கள் தியேட்டரில் பார்த்தது லெஜண்டரி நிறுவனத்தின் வரிசை. 2017-இல் ‘காங்: ஸ்கல் ஐலண்ட்’, 2021-இல் காட்ஸில்லாவோடு மோதல், 2024-இல் காட்ஸில்லாவோடு கூட்டணி. இந்த கேமுக்கும் அந்தப் படங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது ஜோ டிவிட்டோ என்ற ஓவியர் உருவாக்கிய ‘காங் ஆஃப் ஸ்கல் ஐலண்ட்’ என்ற வேறொரு கதையுலகை வைத்துச் செய்தது. 2017 படத்தில் வந்த ஹெலிகாப்டர்கள், 1973-ஆம் ஆண்டு அமெரிக்கப் படையினர், பிறகு வந்த காட்ஸில்லா, எதுவும் இதில் கிடையாது. தீவின் பெயர் ஒன்று, குரங்கின் பெயர் ஒன்று, அவ்வளவுதான். ஏமாற்று என்றும் சொல்ல முடியாது, உரிமம் பெற்றுத்தான் செய்திருக்கிறார்கள். அட்டையைப் பார்த்து நாமாகப் படத்தை நினைத்துக்கொண்டால் அது நம் பாடு.

ஒரே குரங்குக்கு இத்தனை சொந்தக்காரர்கள் எப்படி? 1933-இல் மெரியன் கூப்பரும் எர்னஸ்ட் ஷோட்சாக்கும் எடுத்த முதல் ‘கிங் காங்’ படத்திலிருந்தே இந்தக் குழப்பம் ஓடுகிறது. நிண்டெண்டோ 1981-இல் ‘டாங்கி காங்’ என்ற கேமை விட்டது. ‘காங் எங்கள் சொத்து’ என்று அடுத்த ஆண்டு யுனிவர்சல் ஸ்டூடியோ வழக்குப் போட்டது. நிண்டெண்டோவின் வக்கீல் ஜான் கர்பி பழைய கோப்புகளைத் தோண்டினார். எழுபதுகளில் தானே ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தபோது, கிங் காங் கதை பொதுச்சொத்து என்று நீதிமன்றத்தில் வாதாடியிருந்தது இதே யுனிவர்சல்தான். வழக்கு தோற்றது. கூப்பர் குடும்பத்துக்கு ஒரு பங்கு, ஸ்டூடியோக்களுக்கு ஒரு பங்கு, யாருக்கும் சொந்தமில்லாதது ஒரு பங்கு என்று அந்தப் பெயர் சிதறிக் கிடக்கிறது. ஆகவே கடையில் ‘காங்’ என்ற எழுத்தைப் பார்த்தால் அது எந்த வீட்டுக் காங் என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கிங் காங் என்றால் படமே ஞாபகம் வராது. எமில் சாயா என்ற மல்யுத்த வீரர் அந்தப் பெயரில்தான் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கூட்டம் சேர்த்தார். இந்தியாவில் தாரா சிங்கோடு மோதினார். 1970-இல் சிங்கப்பூரில் காலமானார். அவரும் காங் பெயரை வைத்துத்தான் டிக்கெட் விற்றார். ஆனால் மேடை ஏறியதும் சண்டை போட்டார்.

இந்த கேம் மேடை ஏறியதும் என்ன செய்கிறது?

தொடக்கம் மோசமில்லை. குட்டிக் காங்கின் கண்ணெதிரே அவன் தாய் தந்தையை ‘கா’ என்ற ராட்சத ஊர்வன கொல்கிறது. குட்டி வளர்கிறான், பழிவாங்கக் கிளம்புகிறான். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெற்றோரைக் கொன்றவனைத் தேடிப் போகும் நாயகன் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்!

தீவில் இறங்கி நடக்கத் தொடங்கியதும் சாயம் வெளுக்கிறது. பாறையும் புல்லும் தட்டையாக, பிளேஸ்டேஷன் 2 காலத்தில் விட்டுவிட்டு வந்தது போல் இருக்கும். மலை போன்ற உடம்பு நடக்கும்போது தரை அதிர வேண்டாமா? மரம் முறிய வேண்டாமா? இந்தக் காங்குக்கு எடையே இல்லை. ஒரு பல்லிக்கூட்டம் வரும், அடிப்பீர்கள், உருண்டு விலகுவீர்கள், மறுபடி அடிப்பீர்கள். கொஞ்ச தூரம் நடந்தால் இன்னொரு கூட்டம், அதே அடி, அதே உருளல். ராட்சதப் படம் பார்க்கப் போகிறவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த உருவத்தின் முன்னால் நாம் எறும்பு என்ற பயம். கேமில் அதே உருவமாக நாமே மாறினால் அந்தப் பயம் பலமாகத் திரும்ப வேண்டும். இங்கே கைக்கு வருவது குரங்கு வேஷம் கட்டிய சாதாரண ஆள்.

எல்லாரையும் சிரிக்கவைத்த காட்சி ஒன்று உண்டு. கேமைத் தொடாதவர்கள்கூடக் கைப்பேசியில் பார்த்திருப்பார்கள். காங் ஓரிடத்தில் நிற்கிறான். பழைய எதிரியின் நினைவு வருகிறது. சினிமாவாக இருந்தால் இசை ஏறும், பழைய காட்சி மின்னும், நமக்கு உடம்பு சிலிர்க்கும். இங்கே காவின் அசையாத படம் ஒன்று, வெட்டி ஒட்டியது போல், திடீரென்று திரையில் வந்து நிற்கிறது. நின்றுவிட்டுப் போகிறது. அவ்வளவுதான் நினைவலை. இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது சிரமம். ஆனால் மூன்று நாள் கூலியைக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் சிரிப்பு வராது.

செய்தவர்களுக்கு வேலை தெரியாதோ என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் கட்சி. கேமை உருவாக்கியது சிலி நாட்டின் சந்தியாகோவில் இருக்கும் இகுவானாபீ என்ற சின்ன ஸ்டூடியோ. வெளியிட்டது அமெரிக்காவின் கேம்மில் நிறுவனம். உள்ளே வேலை பார்த்தவர்களிடம் பேசி ‘தி வெர்ஜ்’ அப்போதே எழுதியது. வேலை தொடங்கியது 2022 ஜூன், முடிக்க வேண்டிய கெடு 2023 ஜூன். வேலை பார்த்தவர்கள் சில சமயம் இரண்டே பேர், அதிகம் போனால் இருபது பேர். தீவு, மிருகங்கள், சண்டை, கதை எல்லாம் ஒரே வருடத்தில், பல வகை இயந்திரத்தில் ஓட வேண்டும். இதே மாதிரி ஒரு சாகச கேமுக்குப் பெரிய நிறுவனங்கள் சில நூறு பேரை வைத்துக்கொண்டு நான்கைந்து வருடம் எடுக்கின்றன. பாயான் லெப்பாஸில் 1972-இலிருந்து சில்லு செய்கிறோம். கியூசி பார்க்க நேரமில்லை, அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பு என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னால் என்ன நடக்கும் என்று அந்த லைனில் நிற்கும் எந்த அக்காவைக் கேட்டாலும் சொல்வார். கேம் தொழிலில் அப்படிச் சொன்னாலும் பெட்டி கப்பல் ஏறிவிடுகிறது. ஏனென்றால் பெட்டியை வாங்குகிறவர் விளையாடப் போகிறவர் இல்லை. மாமா வாங்குகிறார், மருமகன் மாட்டிக்கொள்கிறான். படப் பெயர் ஒட்டிய கேம்கள் பலவற்றின் வியாபாரக் கணக்கே இதுதான்.

இந்த நோய் புதிதல்ல. அட்டாரி நிறுவனம் 1982-இல் ‘இ.டி.’ படத்தின் கேமை ஐந்தே வாரத்தில் செய்யச் சொல்லி, விற்காத பெட்டிகளை நியூ மெக்சிகோவில் குழி வெட்டிப் புதைத்தது. 2014-இல் தோண்டி எடுத்தே பார்த்துவிட்டார்கள்.

அதைவிட உஷாராக இருக்க வேண்டிய கதை, 2013 பிப்ரவரியில் வந்த ‘ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ்’. முன்கூட்டிக் காட்டிய டெமோவில் வெளிச்சமும் நிழலும் கண்ணைப் பறித்தன. கடைக்கு வந்த கேம் வேறு முகம். பிரிட்டனில் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பிடம் புகார் போனது, அமெரிக்காவில் வழக்கே நடந்தது. சுவரில் ஏறிப் பதுங்கிப் பாய வேண்டிய ஏலியன்கள் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நேராக ஓடிவந்து குண்டடி பட்டன. காரணங்களில் ஒன்று ஐந்து வருடம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அமைப்புக் கோப்பில் ஒரு வார்த்தையில் ஒரே ஓர் எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது. அதை நீக்கியதும் ஏலியன்களுக்குக் கொஞ்சம் புத்தி வந்தது! ஆகவே டிரெய்லரை நம்பி வாங்காதீர்கள். டிரெய்லர் என்பது கடைக்காரர் தேர்ந்தெடுத்து நீட்டும் துண்டு. யூடியூப்பில் யாரோ ஒரு சாதாரண ஆள் வெட்டாமல், ஒட்டாமல், விளையாடியபடியே போட்ட பதிவைத் தேடிப் பிடித்து, நடுவிலிருந்து இருபது நிமிடம் பாருங்கள். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது நிமிடத்தில் அவன் எழுந்து போய்விட்டால் பணம் மிச்சம்.

ராட்சதப் படத்தை வைத்து நல்ல கேமே செய்ய முடியாதா? பேஷாக முடியும், அதுவும் இதே காங்கை வைத்து. பீட்டர் ஜாக்சனின் ‘கிங் காங்’ படம் 2005 டிசம்பரில் வந்தது. அதற்குச் சில வாரம் முன்னால் யூபிசாஃப்டின் கேம் வந்தது. மிஷேல் ஆன்செல் தலைமையில் பிரான்சில் செய்தது. ஜாக்சனும் கூட உட்கார்ந்து வேலை பார்த்தார். திரையில் உயிர் அளவு, குண்டு எண்ணிக்கை, வரைபடம் எதுவும் தெரியாது. எத்தனை குண்டு மிச்சம் என்று தெரிய ஒரு பட்டனை அழுத்தினால் நாயகன் ஜாக் வாயால் சொல்வான். குண்டு தீர்ந்ததா, கிடக்கும் எலும்பை ஈட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் தீ வைத்துக் காய்ந்த புதரில் எறிந்தால் மிருகங்களோடு சேர்த்துப் புதர் எரியும். ஈட்டி முனையில் ஒரு புழுவைக் குத்தித் தூர எறிந்தால் துரத்தி வரும் மிருகம் அந்தப் பக்கம் ஓடும், நாம் இந்தப் பக்கம் தப்பிக்கலாம். மனிதனாக ஓடி ஒளிந்து நடுங்கிய பிறகு, கேம் நம்மைக் காங்காக மாற்றும். அப்போது அந்த உயரத்தின் அருமை புரியும். அதிலும் குறை இருந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் பழைய ரகத் தொலைக்காட்சியில் போட்டால் ஒரே கும்மிருட்டு, யூபிசாஃப்டே ஒப்புக்கொண்டது. ஆனாலும் பதினெட்டு வருடம் கழித்து வந்த ‘ரைஸ் ஆஃப் காங்’ அதன் கால் தூசிக்கு வராது. பேரு பெத்த பேரு, தாகத்துக்கு நீரு இல்லை.

பிள்ளை ராட்சத மிருகம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் நம் நாட்டிலேயே ஒன்று இருக்கிறது. பேஷன் ரிபப்ளிக் கேம்ஸ் என்ற மலேசிய ஸ்டூடியோ 2022 ஆகஸ்டில் வெளியிட்ட ‘கிகாபேஷ்’. இது சாகசக் கதை அல்ல, நான்கு பேர் வரை உட்கார்ந்து நகரத்தை நொறுக்கிக்கொண்டு அடித்துக்கொள்ளும் ரகம். பழைய ஜப்பானிய ராட்சதப் படங்களின் மேல் இருந்த ஆசையில் தாங்களே மிருகங்களை உருவாக்கினார்கள். அதில் ஒன்று நடமாடும் கட்டடம்! அதே ஆண்டு டிசம்பரில் காட்ஸில்லா, மெக்காகாட்ஸில்லா, கைகன், டெஸ்டரோயா நால்வரும் முறைப்படி உரிமத்தோடு உள்ளே வந்தார்கள். முதலில் விளையாட்டு, பிறகு பெயர். வரிசை சரியாக இருந்தால் சரக்கும் சரியாக இருக்கிறது.

சரி, ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால்? எங்கே வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

கணினியில் ஸ்டீம் வழியாக வாங்கியிருந்தால் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஓடிய நேரம் என்பது விளையாடிய நேரம் அல்ல, திறந்து வைத்த நேரம். கேமைத் திறந்துவிட்டுப் பிள்ளை குளிக்கப் போய், சாப்பிட்டு, டியூஷனும் போய் வந்தால் உங்கள் இரண்டு மணி நேரம் கரைந்து போயிருக்கும். முதல் நாளே வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று முடிவு செய்யுங்கள். பிளேஸ்டேஷன் கடையில் விதி இன்னும் கறார். பதினான்கு நாள் உண்டு, ஆனால் பதிவிறக்கம் தொடங்கியிருக்கக் கூடாது. வாங்கிய மறுகணம் இயந்திரம் தானாக இறக்கத் தொடங்கிவிடும் என்பதுதான் இதில் உள்ள கண்ணி. அதனால் வாங்கும் பட்டனை அழுத்துமுன் யோசித்தால்தான் உண்டு. விலைக்கு மேல் 8 விழுக்காடு சேவை வரியும் ஏறும். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020-இல் 6 விழுக்காடாகத் தொடங்கியது, 2024 மார்ச்சிலிருந்து 8.

தட்டாக வாங்கினால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ‘உறை பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்று கடையில் எழுதியிருந்தாலும் தட்டு ஓடவே இல்லை என்றால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டாம். 50,000 வெள்ளி வரை கோரலாம். வழி தெரியாதவர்களுக்குப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. மறைந்த முகமது இத்ரிஸ் பல பத்தாண்டுகள் கட்டிக் காத்த சங்கம், தமிழிலேயே பேசலாம். ஆனால் ‘கேம் போரடிக்கிறது’ என்று வழக்குப் போட எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

இதுவரை சொன்னதில் போவது அதிகபட்சம் 190 வெள்ளி. இனிச் சொல்வதில் வங்கிக் கணக்கே துடைத்துப் போகும்.

‘ரைஸ் ஆஃப் காங்’ கைப்பேசிக்கு வரவே இல்லை. இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். கணினிக்கும் கேம் இயந்திரங்களுக்கும் மட்டும்தான் வந்தது. அப்படியானால் புலனக் குழுவில் ‘காங் கேம், இலவசம், இங்கே தட்டவும்’ என்று வரும் இணைப்பு என்ன? டெலிகிராமில் சுற்றும் ஏபிகே கோப்பு என்ன? எதுவாகவும் இருக்கலாம், அந்த கேமாக மட்டும் இருக்க முடியாது. பிள்ளைகள் ஆசைப்பட்டுத் தேடுவது பெரும்பாலும் அம்மாவின் கைப்பேசியில். அதே கைப்பேசியில்தான் வங்கிச் செயலி இருக்கிறது, அதே எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி வருகிறது. கள்ள ஏபிகே உள்ளே வந்ததும் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும். பிள்ளை கேம் திறக்கும் அவசரத்தில் ‘சரி’, ‘சரி’ என்று தட்டிக்கொண்டே போவான். பிறகு வங்கி அனுப்பும் ஓடிபி எண் உங்களுக்கு முன்னால் திருடனுக்குப் போகும். இப்படிப்பட்ட திருட்டுகள் பெருகியதால்தான் குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிடச் சொல்லி 2022-இல் பேங்க் நெகாரா வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. காவல்துறையும் ஏபிகே பற்றி எச்சரித்து ஓய்ந்தபாடில்லை.

கைப்பேசி அமைப்பில் ‘அறியாத மூலங்களிலிருந்து நிறுவ அனுமதி’ என்று ஒன்று இருக்கும். இன்று இரவே பார்த்து அணைத்து வையுங்கள். பாட்டி கைப்பேசியையும் சேர்த்து.

ஏற்கெனவே ஏதோ ஒன்று ஏறிவிட்டது, கைப்பேசி சூடாகிறது, தானாகத் திறக்கிறது, வங்கியிலிருந்து புரியாத செய்தி வருகிறது என்றால் அந்தக் கைப்பேசியில் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து உங்கள் வங்கியையோ, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். போலீஸ் புகார் அதற்கடுத்து. பிள்ளையைத் திட்டுவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் 997.